சுழலும் வட்டுக்குள் ஒரு மடை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உள்ளறையிலிருந்து ஒரு மெஷின் உறுமும் சத்தம் கேட்கும். கதவு திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள். லேப் டெக்னீஷியன் உங்கள் ரத்தக் குழாயை ஒரு குழியில் இறக்குவார். அதற்கு நேர் எதிர்க் குழியில் அதே எடைக்கு இன்னொரு குழாயை வைப்பார். இன்னொருவர் ரத்தம் கையில் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய குழாயாவது வைப்பார்; இல்லாவிட்டால் மெஷின் மேசையோடு சேர்ந்து ஆடும். மூடியைச் சாத்தி, நிமிடத்துக்கு 3000 சுற்று, 10 நிமிடம். வெளியே எடுக்கும்போது குழாயின் அடியில் அடர்சிவப்பாகச் செல்கள் படிந்திருக்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கீழே இருக்கும் சிவப்பு கலங்காமல் மேலே இருக்கும் தெளிவை பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். அளந்து விட வேண்டும். ரீஏஜென்ட் என்ற வினைப்பொருளைச் சேர்த்துக் கலக்க வேண்டும். காத்திருந்து, நிறம் எவ்வளவு மாறியது என்று கருவியில் வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கை தேவை; பழகிய கை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ரத்தம் எடுப்பது ஓரிடம், சோதிப்பது இன்னோரிடம். ஐஸ் பெட்டிக்குள் வைத்த குழாய்கள் மதிய பஸ்ஸில் டவுனுக்குப் போகும். வழியில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அந்தத் தெளிநீரே இளஞ்சிவப்பாகிவிடும். செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்து கலந்துவிடுவதால் பொட்டாசியம் கணக்கு ஏறுமாறாகிவிடும். "மறுபடி வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்று போன் வரும். என் அம்மாவுக்கு இப்படி இரண்டு முறை நடந்தது. பிரிப்பது, அளப்பது, கலப்பது, பார்ப்பது எல்லாமே ரத்தம் எடுத்த இடத்திலேயே, அந்தச் சுழலும் மெஷினுக்குள்ளேயே நடந்துவிடக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் யோசித்தேன். எனக்கு வெகுகாலம் முன்பே அதை யோசித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் போன வழியைத் தேடிப் படித்தபோது மனதில் தங்கியது ஒரு விஷயம்: சுழலும் வட்டில் திரவத்தை ஓட வைப்பதற்கு யாரும் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. அதை நிற்க வைக்கத்தான் 30, 40 ஆண்டுகளாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பொருளைப் பார்த்துவிடுவோம். பாட்டு கேட்ட பழைய சி.டி.யைப் போல, ஏறக்குறைய அதே 12 செ.மீ. குறுக்களவில் ஒரு பிளாஸ்டிக் வட்டு. நடுவில் மோட்டாரில் பொருத்த ஓட்டை. உள்ளே மயிரிழை அகலத்துக்குக் கால்வாய்கள், மிளகு கொள்ளும் அளவுக்குச் சிற்றறைகள், காற்று வெளியேறச் சின்னத் துளைகள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்தான் கூரை. நடுவுக்கு அருகில் ஒரு துளை வழியாக ஒரு சொட்டு ரத்தம் விட்டு, மோட்டாரைப் போட்டால், விளிம்பில் வரிசையாக இருக்கும் சிற்றறைகளில் விடை நிறமாக வந்து நிற்க வேண்டும். வட்டுக்குள் ஆய்வகம் என்று இதைச் சொல்லலாம்.

1960களின் இறுதியில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் நார்மன் ஆண்டர்சன் இதன் முன்னோடியைச் செய்தார். யுரேனியத்தைப் பிரிக்கப் பிறந்த சுழல் எந்திர நுட்பத்தைத் தடுப்பூசிக்கான வைரஸைச் சுத்திகரிக்கும் வேலைக்குத் திருப்பியவர் அவர். அந்த முன்னோடிதான் 'ஜெம்சேக்' என்ற கருவி. அதில் ஒரு தட்டில் பல நோயாளிகளின் மாதிரிகளும் ரீஏஜென்ட்டும் தனித்தனிக் குழிகளில் இருக்கும். தட்டு சுழன்றதும் இரண்டும் ஒரே நொடியில் விளிம்புக்குப் பாய்ந்து கலக்கும். விளிம்பில் இருக்கும் கண்ணாடி அறைகள் ஒவ்வொன்றாக ஓர் ஒளிக்கற்றையைக் கடந்து போகும். கடக்கும்போதே நிறம் அளக்கப்படும். எல்லா வினைகளும் ஒரே கணத்தில் தொடங்குவதால் ஒன்றோடொன்றை ஒப்பிடுவது சுலபம். ஆனால் ரத்தத்தை முன்பே பிரித்து, அளந்து, குழியில் விட்டுத்தான் அதைத் தொடங்க வேண்டும். கைவேலை குறைந்தது, ஒழியவில்லை.

ஒழிப்பது ஏன் கடினம் என்று புரிய, அந்த விசையைக் கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டும்.

பஸ் வேகமாக வளைவில் திரும்பும்போது ஜன்னலோரம் சாய்ந்து விழப் பார்க்கிறோமே, வட்டில் இருக்கும் துளிக்கும் அதே கதிதான். வட்டோடு சேர்ந்து சுழலும் துளியின் பார்வையில், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரு விசை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மையவிலக்கு விசை. வேகத்தை இரட்டிப்பாக்கினால் இது நான்கு மடங்காகும்; மும்மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. மையத்திலிருந்து 3 செ.மீ.யில் தொடங்கி 4 செ.மீ. வரை ஒரு கால்வாயில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் ஒரு செ.மீ.தான். நிமிடத்துக்கு 300 சுற்றில் அதன் வெளிமுனையில் இருக்கும் அழுத்தம், 3.5 செ.மீ. உயரத் தண்ணீரின் அடியில் இருப்பதற்குச் சமம். ஒரு சின்ன டம்ளர். 1000 சுற்றில் 39 செ.மீ.; ஒரு குடம். 3000 சுற்றில் 3.5 மீட்டர், மொட்டை மாடித் தொட்டி. ஒரு செ.மீ. நீளத் தண்ணீரை வைத்துக்கொண்டு, மோட்டாரின் வேகத்தை மட்டும் மாற்றி, டம்ளரிலிருந்து மாடித் தொட்டிவரை போய்விடலாம். வெளியிலிருந்து பம்பு வேண்டாம், குழாய் இணைப்பு வேண்டாம்.

இன்னொரு நல்ல குணமும் இந்த விசைக்கு உண்டு. அது திரவத்தின் சாதி பார்ப்பதில்லை. கண்ணாடிச் சில்லுகளில் மின்புலத்தைக் கொண்டு திரவத்தை நகர்த்தும் முறை ஒன்று இருக்கிறது. அங்கே உப்பு கொஞ்சம் கூடினாலோ, அமிலத்தன்மை மாறினாலோ ஓட்டமும் மாறிவிடும். வட்டில் ரத்தம், சிறுநீர், எச்சில், பால் எதுவானாலும் சரி. எடை இருக்கிறதா, வெளியே தள்ளு. அவ்வளவுதான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. விசை எல்லாத் துளியையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. ரத்தம் பிரியும் வரை அது நிற்க வேண்டும். அதுவரை ரீஏஜென்ட் தன் அறையிலேயே இருக்க வேண்டும். கழுவும் நீர் அதற்கும் பிறகு வர வேண்டும். ஆனால் மோட்டார் ஒன்றே ஒன்று. ரத்தத்துக்கு ஒரு வேகம், ரீஏஜென்ட்டுக்கு ஒரு வேகம் என்று அதனால் பிரித்துக் கொடுக்க முடியாது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதுப் பிரச்சினை இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே ஓடும். அதற்கு ஆள் தேவையில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதற்குத்தான் மண்வெட்டியோடு நீர்கட்டி வரப்பில் நிற்கிறார். வட்டிலோ மூடி ஒட்டியாகிவிட்டது, அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழல்கிறது. மண்வெட்டியோடு யாரும் இறங்க முடியாது. நீர்கட்டியின் புத்தியைப் பிளாஸ்டிக்கின் வடிவத்திலேயே செதுக்கி வைத்துவிட வேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு. வயலில் கடைமடைக்குத்தான் எப்போதும் தண்ணீர் பற்றாது. வட்டில் கடைமடையான விளிம்பில்தான் விசை உச்சம்.

செதுக்கிய மடைகளில் மிக எளியது எதனாலும் ஆனதல்ல. வெறும் ஒரு திடீர் அகலம்தான். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விளிம்பைத் தாண்டி லேசாகக் குமிழ்ந்து நிற்குமே தவிர உடனே வழியாது. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்கிறது, பரப்பு இழுவிசை. இப்போது அந்த டம்ளரின் வாயை மயிரிழை அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். 0.1 மி.மீ. அகலக் கால்வாய் வழியாக வரும் திரவம், கால்வாய் சட்டென்று ஓர் அறையாக அகலும் இடத்தில் தயங்கி நிற்கும். பிடித்துக்கொண்டு வந்த சுவர் திடீரென்று இரு பக்கமும் விலகிவிடுகிறது. மேலே போக வேண்டுமென்றால் தன் முகத்தைப் பலூன்போல ஊத வேண்டும்; அதற்கு அழுத்தம் வேண்டும். இந்த அளவில் அந்தத் தயக்கம் 10 முதல் 20 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும். அதாவது சில நூறு சுற்றுகள் வரை மடை மூடியிருக்கும். அதைத் தாண்டினால் முகம் உடைந்து திரவம் பாயும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. காற்றும் நீரும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லைதான் கதவு.

கால்வாயின் ஒரு பகுதியில் மட்டும் சேப்ப இலையைப்போல நீர் ஒட்டாத பூச்சைத் தடவினாலும் இதே வேலை நடக்கும். ஸ்வீடனின் உப்சாலா நகரில் 2000இல் தொடங்கிய கைரோஸ் நிறுவனம் இந்த வழியில் போனது. அவர்களுடைய ஒரு வட்டில் 112 தனித்தனி ஆய்வு அமைப்புகள். ஒவ்வொன்றும் 200 நானோலிட்டர் அளந்து எடுத்துக்கொள்ளும். ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர் என்றால், அதை 250 பங்கு வைத்ததில் ஒரு பங்கு! மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்களில் புரதங்களை அளக்க அது பயன்படுகிறது.

அளப்பதற்கு வட்டில் கையாளும் உத்தி ஏரிக்கரையில் நாம் பார்ப்பதுதான். ஏரி நிரம்பியதும் மிச்ச நீர் கலிங்கு வழியாக வெளியேறும். எவ்வளவு மழை பெய்தாலும் ஏரியில் நிற்கும் அளவு மாறாது. வட்டிலும் ஓர் அறையின் வாயில் கலிங்கு வெட்டி, மிச்சத்தைக் கழிவுக்கான சிற்றறைக்குத் திருப்பிவிடுகிறார்கள். ரத்தம் விட்டவர் கொஞ்சம் கூடுதலாக விட்டிருந்தாலும் உள்ளே நிற்பது ஒரே அளவு. பழகிய கையின் பிப்பெட் வேலையை இப்படி ஒரு பள்ளமும் ஒரு கலிங்கும் செய்துவிடுவதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் உடையும் மடையால் ஒரு காரியம் மட்டும் முடியாது. அது ரத்தப் பரிசோதனையின் முதல் காரியம். ரத்தம் பிரியப் பெரும் வேகம் வேண்டும். 3000 சுற்றில், மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி, புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 600 மடங்கு விசை இருக்கும். அதில்தான் கனமான செல்கள் சட்டென்று வெளிப்பக்கம் படியும். அந்த நேரம் முழுவதும் ரத்தம் அறையைவிட்டு நகரக் கூடாது. பிரிந்த பிறகு, பிளாஸ்மா எனப்படும் அந்தத் தெளிநீர் மட்டும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். வேகம் கூடினால் திறக்கும் மடை இங்கே எதற்கு ஆகும்? வேகத்தில் மூடியிருந்து, வேகம் குறைந்தால் திறக்கும் மடை வேண்டும்.

அதற்கு விடை, ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிய எல்லா வீடுகளுக்கும் தெரிந்ததுதான். பெரிய கேனிலிருந்து பாட்டிலுக்கு மாற்ற, டியூபின் ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு. எண்ணெய் டியூபின் மேடு தாண்டிவிட்டால் போதும், அப்புறம் தானாக வடியும். சைஃபன். சின்ன வயதில் அந்த இழுப்பில் ஒரு வாய் மண்ணெண்ணெய் குடித்துவிட்டுத் துப்பாதவர்கள் குறைவு.

வட்டில் செதுக்கிய சைஃபன், பிரிப்பு அறையிலிருந்து கிளம்பி மையத்தை நோக்கி மேலேறி, ஒரு வளைவெடுத்து, மீண்டும் விளிம்பை நோக்கி இறங்கும் ஒரு மெல்லிய கால்வாய். வட்டு வேகமாகச் சுழலும்போது அறையில் இருக்கும் மட்டமும் சைஃபன் காலில் இருக்கும் மட்டமும் ஒரே உயரத்தில் நிற்கும். மேடு தாண்ட விசை விடாது. இதற்குள் ரத்தம் பிரிந்துவிடும். பிறகு மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறார்கள், அல்லது நிறுத்தியேவிடுகிறார்கள். விசை தளர்கிறது. கால்வாயின் சுவர் நீரை விரும்பும்படி பதப்படுத்தியிருப்பதால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல பிளாஸ்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலேறுகிறது. மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறது. மண்ணெண்ணெய் டியூபில் வாய் செய்த வேலையை இங்கே நுண்புழை ஏற்றம் செய்கிறது. இறங்கிய முனை அறையின் திரவ மட்டத்தைத் தாண்டி வெளியே வந்ததும் மோட்டாரை மறுபடி முடுக்கினால், பிளாஸ்மா மொத்தமும் வடிந்து அடுத்த அறைக்குப் போய்விடும். சைஃபனின் வாய் செல்கள் படிந்த மட்டத்துக்கு மேலே இருப்பதால் சிவப்பு பின்னாலேயே தங்கிவிடும்.

அமெரிக்க நிறுவனமான அபாக்ஸிஸின் பிக்கலோ என்ற கருவி 1990களில் இப்படித்தான் மருத்துவரின் மேசைக்கு வந்தது. கை அகல வட்டு. உள்ளே விளிம்பு அறைகளில் உலர்ந்த மணிகளாக ரீஏஜென்ட். 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தை, அதாவது 2 சொட்டை விட்டு, வட்டைக் கருவிக்குள் வைத்தால் 12 நிமிடத்தில் சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின் என ஒரு பட்டியலே வந்துவிடும். ஓக் ரிட்ஜில் தொடங்கிய நூல் அங்கே வந்து சேர்ந்தது. கால்நடை மருத்துவர்களுக்காகவும் அதே குடும்பத்தில் ஒரு கருவி இருக்கிறது.

சைஃபனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது உயிர்வாழ்வதே சுவரின் நீர்நாட்டத்தில். பிளாஸ்டிக் இயல்பாக நீரை அவ்வளவு விரும்பாது. மின்னூட்டிய வாயுவில் காட்டி அதை நீர்நாட்டம் உள்ளதாக மாற்றலாம். ஆனால் மாதங்கள் போகப்போகப் பிளாஸ்டிக் தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். தொழிற்சாலையில் நன்றாக வேலை செய்த வட்டு, ஏதோ ஒரு கிராமத்து அலமாரியில் ஆறு மாதம் வெயில் காலத்தைக் கழித்த பிறகு மேடு தாண்ட மறுக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கவலைக்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது என் எண்ணம். அலமாரியில் உயிரோடு இருக்காத கருவி நோயாளிக்கு உதவாது.

உடையும் மடைக்கும் இப்படி ஒரு மட்டு இருக்கிறது. ஒன்று 400 சுற்றில், அடுத்தது 800இல், அதற்கடுத்தது 1200இல் என்று வரிசையாகத் திறக்கும்படி வெட்டலாம். அச்சில் வார்க்கும்போது கால்வாயின் அகலம் சில மைக்ரான் கூடக் குறைய வரும். பூச்சு ஒரே சீராக இருக்காது. 800இல் திறக்க வேண்டியது 700இலும் திறக்கும், 900இலும் திறக்கும். படிகளைக் கூட்ட மடைகளை நெருக்கி வெட்டினால், பக்கத்து மடைகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். நான்கைந்து படிகளுக்கு மேல் இந்த வழியை நம்ப முடியாது. மரபணுச் சோதனைக்கோ எதிர்ப்புரதச் சோதனைக்கோ பத்துப் படிகள்கூடத் தேவைப்படும்.

கொரியர்கள் இதை மெழுகால் தீர்த்தார்கள். சாம்சங் ஆய்வகத்தில் யூன்-கியோங் சோவும் உடனிருந்தவர்களும், மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைக் கலந்த மெழுகைக் கால்வாயில் வைத்து அடைத்தார்கள். லேசர் ஒளியைக் காட்டினால் துகள்கள் சூடேறி மெழுகு கண் சிமிட்டும் நேரத்தில் உருகும், மடை திறக்கும். எந்த மடையை எப்போது திறப்பது என்பது மோட்டார் வேகத்தைச் சார்ந்ததில்லை என்றாகிவிட்டது. 2009இல் முழு ரத்தத்தை அப்படியே வட்டில் விட்டு, ஹெபடைட்டிஸ் பி சோதனையை 30 நிமிடத்தில் முடித்துக் காட்டினார்கள். விலை: கருவிக்குள் ஒரு லேசரும், அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் பொறியமைப்பும் வேண்டும்.

டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் டுக்ரேயின் குழு கண்ட வழி எனக்கு இன்னும் பிடித்தது. தண்ணீரில் கரையும் மெல்லிய பாலிவினைல் ஆல்கஹால் படலத்தைக் கால்வாயின் குறுக்கே ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு காற்றுப் பை சிறைப்பட்டிருக்கும். அந்தக் காற்று, திரவத்தைப் படலத்தைத் தொடவிடாது. வேகத்தைக் கூட்டினால் திரவம் காற்றை நசுக்கிக்கொண்டு முன்னேறிப் படலத்தை நனைக்கும், படலம் கரையும், வழி திறக்கும். பெரும் வேகத்தையும் தாங்கும் மடை இப்படிக் கிடைத்தது.

2014இல் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். காற்றுப் பையின் வாசலை இன்னொரு படலத்தால் மூடி, அந்தப் படலத்தை வட்டின் வேறொரு மூலையில் வைத்தார்கள். முதல் திரவம் தன் வேலையை முடித்து அந்த மூலையை வந்தடையும்போது அங்கிருக்கும் படலம் கரையும். சிறைப்பட்ட காற்று வெளியேறும். காற்று போனதும் இரண்டாவது திரவம் முன்னேறித் தன் படலத்தைக் கரைத்துக்கொண்டு பாயும். அது போய்ச் சேரும் இடத்தில் மூன்றாவதின் படலம். முதல் வயல் நிறைந்ததுமே அடுத்த வயலின் மடை தானாகத் திறந்துகொள்வதைப்போல. மோட்டார் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தால் போதும். வரிசையை, முடிந்த வேலையே நடத்தும்.

கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு சின்ன அறைகளில் திரவங்கள் கலக்கவே மறுக்கும். சுழிப்பு இல்லாமல், மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதை நம்பினால், ஒரு மில்லிமீட்டர் கடக்கவே கால் மணி நேரம் ஆகும். இங்கே மோரைக் கடையும் பாட்டிதான் குரு. மத்தை யாரும் ஒரே திசையில் சுற்றுவதில்லை. கயிற்றை இடம், வலம் என்று மாற்றி மாற்றி இழுப்பார்கள். ஒரே சீரான சுழலில் தயிர் சட்டியோடு சேர்ந்து சுற்றுமே தவிர உடையாது. வட்டையும் அப்படியே முடுக்கி, நிறுத்தி, எதிர்த் திசையில் முடுக்குகிறார்கள். வேகம் மாறும் கணத்தில் திரவம் பின்தங்கி அறைக்குள்ளேயே புரண்டு சுழிக்கும். இப்படிப் பின்தங்க வைக்கும் விசைக்கு ஆய்லர் விசை என்று பெயர். நிமிடக்கணக்கில் ஆக வேண்டிய கலப்பு விநாடிகளில் முடிந்துவிடும்.

ராட்டினத் தட்டில் நடுவிலிருந்து விளிம்புக்கு நடக்கப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விசையும் தெரிந்திருக்கும். கால் நேராக வைத்தாலும் உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். கொரியாலிஸ் விசையின் வேலை அது. ஓடும் திரவத்தையும் அது பக்கவாட்டில் ஒதுக்கும். கால்வாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், வட்டைப் போதிய வேகத்தில் வலஞ்சுழியாகச் சுற்றினால் திரவம் ஒரு கிளைக்கும், இடஞ்சுழியாகச் சுற்றினால் மறு கிளைக்கும் போகும்.

எவ்வளவு திறமையாகச் செதுக்கினாலும் வட்டில் பயணம் ஒருவழிப் பாதை. விளிம்பை அடைந்த திரவத்துக்கு மேற்கொண்டு போக இடமில்லை; எனவே ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆரமும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய நிலம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் ரோலண்ட் செங்கெர்லேயின் குழு இதற்கும் காற்றையே பிடித்தது. வேகமான சுழற்சியில் திரவம் ஒரு முட்டுச் சந்து அறைக்குள் காற்றை நசுக்கி வைக்கும். வேகத்தைச் சட்டென்று குறைத்தால் அந்தக் காற்று சுருள்வில்லைப்போல விரிந்து, திரவத்தின் பெரும்பகுதியை மையத்தை நோக்கி மேலே தள்ளிவிடும்.

விடையைப் படிப்பதற்குப் பெரிய கருவிதான் வேண்டும் என்பதில்லை. ஸ்டாக்ஹோமில் அமன் ருசோமின் குழு 2013இல் சாதாரண டி.வி.டி. டிரைவையே நுண்ணோக்கியாக்கிக் காட்டியது. படம் படிக்கும் லேசர், வட்டுக்குள் ஒட்டியிருக்கும் ரத்த செல்களையும் ஒரு மைக்ரான் அளவுக்குத் துல்லியமாகப் படித்துவிடும். எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்களை எண்ணுவது அவர்களின் குறி.

மோட்டாரே இல்லாமலும் முடியுமா? சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு துளை போட்டு, நூல் கோத்து, இரு கையாலும் இழுத்து விட்டு 'விர்' என்று ஓடவிட்ட விளையாட்டு நினைவிருக்கிறதா? ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு 2017இல் அதே தத்துவத்தில் காகிதத்தால் ஒரு சுழல்கருவி செய்தது. எடை 2 கிராம். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போனது. ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்தைப் பிரித்தது. பிரிப்பது மட்டும்தான் அதன் வேலை. இழுத்து விடும் நூலில் வேகம் ஒவ்வொரு கணமும் ஏறி இறங்குகிறது. வேகத்தை நம்பும் மடைகள் எதுவும் அங்கே நிற்காது.

கையால் சுற்றும்போது வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டே ஒரு கருவியைச் செய்தது பழைய மெழுகு மடையின் சோதான், இப்போது தென்கொரியாவின் உல்சான் நகரத்து யுனிஸ்ட் நிறுவனத்தில். பிள்ளைகள் விரலில் வைத்துச் சுற்றும் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் வடிவம். சிறுநீர்த் தொற்றைக் கண்டுபிடிப்பதற்காக. வழக்கமாகச் சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்க நாட்கள் ஆகும். அதுவரை மருத்துவர் அனுமானத்தில் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போக அது ஒரு வாசல்.

ஸ்பின்னருக்குள் ஒரு வடிதாள் இருக்கிறது. கிருமி தாண்ட முடியாத அளவுக்கு நுண்துளைகள். சிறுநீரைச் சுழற்றி அதன் வழியே செலுத்தினால் கிருமிகள் தாளில் தங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நுண்துளையின் அடிவாயிலும் அந்தப் பழைய கதவு காத்திருக்கிறது. காற்றும் நீரும் சந்திக்கும் எல்லை. துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு பிடிவாதம். அதை உடைக்க மோட்டார் வேகம் வேண்டும். உடைந்தாலும் விசை அதிகமுள்ள வெளியோரத் துளைகள் மட்டும் திறக்கும், மற்றவை சும்மா இருக்கும்.

சோவின் குழு வடிதாளின் அடிப்பக்கத்தை முன்கூட்டியே திரவத்தால் நிரப்பிவிட்டது. அங்கே இப்போது காற்று இல்லை. காற்று இல்லாததால் எல்லை இல்லை, கதவே இல்லை. 30 ஆண்டுகளாக எந்த எல்லையை மடையாக்கிப் பாடுபட்டார்களோ, அதைத் தேவையில்லாத இடத்தில் எடுத்துவிட்டார்கள். தாள் முழுவதும் சீராக வடிய, விரலால் ஒன்றிரண்டு முறை சுண்டினால் போதும். வேகம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் சிதறியிருந்த கிருமிகள் 100 மடங்குக்கு மேல் செறிந்து தாளில் நிற்கும். அதன்மேல் ஒரு சாயத்தை விட்டால், உயிருள்ள கிருமி இருந்தால் ஆரஞ்சு நிறம் ஏறும்.

2020இல் வெளியான அந்த ஆய்வின் களம் நம் திருச்சிராப்பள்ளி. சிறுநீர்த் தொற்று இருக்கலாம் என்று வந்த 39 பேரின் மாதிரிகளை அங்கேயே சுழற்றி, 50 நிமிடத்துக்குள், கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் விடை பார்த்தார்கள். இன்னொரு 30 மாதிரிகளில், எந்தக் கிருமி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசிகிறது, எது செஃபசோலினுக்கு மசிகிறது என்பதையும் இரண்டு மணி நேரத்தில் அதே ஸ்பின்னர் காட்டியது. டவுனுக்குப் போகும் மதிய பஸ் கிளம்பித் திரும்பி வருவதற்குள்.